ஃபார்மட் அடிக்கும் முன்: பழைய வீட்டுக் கம்ப்யூட்டரைச் சரிசெய்ய ஒரு முழு வழிகாட்டி

கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று மதுரையில் எந்தக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனாலும் பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "ஃபார்மட் அடித்துவிடலாம் சார்." அதாவது டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் அழித்து, விண்டோஸைப் புதிதாக ஏற்றுவது. காய்ச்சலோ கால்வலியோ, எல்லாவற்றுக்கும் ஒரே ஊசி. கடைக்காரரைக் குறைசொல்லிப் பயனில்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்து கோளாறைத் தேடுவதற்கு யாரும் பணம் தருவதில்லை, ஃபார்மட்டுக்குத் தருகிறார்கள். ஆனால் தூசி அடைத்துச் சூடாகும் பெட்டியும், சாகக் கிடக்கும் ஹார்டு டிஸ்க்கும் ஃபார்மட்டால் தேறுவதில்லை. சில வாரம் வேகமாக ஓடும், பிறகு பழையபடி முனகும். அதற்குள் மகளின் கல்யாணப் படங்கள் போயிருக்கும், டேலி கணக்கு போயிருக்கும், முறையாக வாங்கிய விண்டோஸ் இருந்த இடத்தில் திருட்டு விண்டோஸ் உட்கார்ந்திருக்கும்.

2010 முதல் 2018 வரை வாங்கிய மேசைக் கம்ப்யூட்டர்களையும் மடிக்கணினிகளையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். தமிழக அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்தவை திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர் வீடுகளில் இன்னும் பீரோவுக்கு மேல் கிடக்கின்றன. அவற்றுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

வேலையின் வரிசை முக்கியம். முதலில் பிரதி, அடுத்து சோதனை, அதன்பின் தூசி, கடைசியில்தான் செலவு. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்து, அதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். நாலு மாற்றத்தை ஒரே மூச்சில் செய்தால், எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

பிரதி எடுத்துவிட்டுக் கை வையுங்கள்

வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றையோ பெரிய பென்டிரைவையோ செருகி நகலெடுங்கள். டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் கோப்புறைகளை எல்லோரும் எடுத்துவிடுவார்கள். மறந்துபோவது வேறு: டெஸ்க்டாப்பில் இறைந்து கிடப்பவை, டவுன்லோட்ஸில் கிடக்கும் பட்டா நகலும் வில்லங்கச் சான்றும், டேலியின் டேட்டா கோப்புறை, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள். நகலெடுத்தபின் வேறொரு கம்ப்யூட்டரில் செருகி நாலைந்து கோப்புகளைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

ஹார்டு டிஸ்க்கிலிருந்து 'டிக், டிக்' என்று சீரான ஓசை வந்தால் பிரதி தவிர வேறு எதையும் தொடாதீர்கள். வைரஸ் ஸ்கேன், டீஃபிராக் (சிதறிக் கிடக்கும் கோப்புத் துண்டுகளை அடுக்குவது) இரண்டும் டிஸ்க்கை மூலை முடுக்கெல்லாம் படிக்க வைக்கும். நோயாளி டிஸ்க்கின் மிச்ச ஆயுளை அதில் செலவழிக்கக் கூடாது.

எங்கே இடிக்கிறது என்று பாருங்கள்

கம்ப்யூட்டரைப் போட்டு, ஐந்து நிமிடம் எதையும் தொடாமல் விட்டுவிட்டு, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். சுருங்கிய சிறு பெட்டியாக வந்தால் கீழே 'மோர் டீட்டெயில்ஸ்' என்பதைத் தட்டுங்கள். சிபியு (பிராசசர்), மெமரி, டிஸ்க் என்று சதவீதக் கணக்கோடு பத்திகள் தெரியும். விண்டோஸ் 7-இல் டிஸ்க் பத்தி இருக்காது; 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில் உள்ள ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து பார்க்க வேண்டும்.

முதலில் மெமரியைப் படியுங்கள். டிஸ்க் நூறு சதவீதத்தில் நிற்பதைக் கண்டதும் டிஸ்க் மீது பழிபோடுவது வழக்கம். ஆனால் ராம் (டாஸ்க் மேனேஜர் மெமரி என்று காட்டுவது) நிறைந்துவிட்டால் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் எழுதி எழுதிப் படிக்கிறது. அப்போது டிஸ்க்கும் நூறைத் தொடும். மெமரி 85-க்கு மேல் நின்று டிஸ்க்கும் நூறில் நின்றால் குறை ராமில் இருக்கிறது. மெமரி பாதிகூட நிறையாமல் டிஸ்க் மட்டும் நூறில் நின்று, படிக்கும் வேகம் விநாடிக்கு ஒன்றிரண்டு எம்பி என்று தெரிந்தால், ஹார்டு டிஸ்க்தான் தடை.

சிபியு நூறில் நின்றால் அந்தப் பத்தியின் தலைப்பைத் தட்டுங்கள். அதிகம் தின்பவர் மேலே வந்துவிடுவார். பிரவுசர் என்றால் தாவல்களைக் குறைக்க வேண்டும். 'விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் வொர்க்கர்' என்றால் அப்டேட் நடக்கிறது; இரவு முழுக்க ஓடவிட்டால் அடங்கிவிடும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் 'ஸ்பீடு' என்ற எண்ணையும் கவனியுங்கள். 3 கிகாஹெர்ட்ஸ் சிப், நூறு சதவீத வேலையில் 0.8-இல் நின்றால் அது சூட்டுக்குப் பயந்து தன்னைத்தானே மட்டுப்படுத்திக்கொண்டிருக்கிறது என்று பொருள். மடிக்கணினியில் அடாப்டரை அடையாளம் காணாதபோதும் இப்படி ஆகும்.

அடுத்து 'ஸ்டார்ட்அப்' பக்கம். கம்ப்யூட்டர் விழித்ததும் தானாக எழும் நிரல்கள் அங்கே வரிசையாக நிற்கும். பிரின்டர் உதவியாளர், டாரன்ட், கேம் லாஞ்சர், எப்போதோ ஒரு முறை பயன்படுத்திய வீடியோ அழைப்புச் செயலி ஆகியவற்றை 'டிசேபிள்' செய்யலாம். இது நிரலை அழிக்காது. கூப்பிடும்போது மட்டும் வரச் சொல்கிறது. ஆன்டிவைரஸையும் சவுண்டு, டச்பேடு பெயர் தாங்கியவற்றையும் விட்டுவிடுங்கள். விண்டோஸ் 7-இல் இதே பட்டியல் எம்எஸ்கான்ஃபிக் என்ற கருவிக்குள் இருக்கிறது.

இரண்டு ஆன்டிவைரஸ் ஒன்றாகக் குடியிருந்தால் ஒன்றை வெளியேற்றுங்கள். ஒவ்வொரு கோப்பையும் இருவரும் மாறி மாறிச் சோதித்துக்கொண்டிருப்பார்கள். ஓராண்டுச் சந்தா முடிந்து, புதுப்பிக்கச் சொல்லி நச்சரிக்கும் ஆன்டிவைரஸை நீக்கினால் விண்டோஸ் 10-உடன் வரும் டிஃபெண்டர் தானாக விழித்துக்கொள்ளும். வீட்டு உபயோகத்துக்கு அது போதும்.

சோதனையில் கடைசியாக கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச நிரல். ஹார்டு டிஸ்க் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் குறிப்பேட்டை இது படித்துக் காட்டும். நீல நிறத்தில் 'குட்' என்றால் சரி. மஞ்சளில் 'காஷன்' என்று வந்து, 'ரீஅலொகேட்டட் செக்டார்ஸ்', 'கரன்ட் பெண்டிங் செக்டார்' வரிசைகளில் எண்கள் ஏறியிருந்தால் டிஸ்க்கின் தட்டு பகுதி பகுதியாகச் செத்துக்கொண்டிருக்கிறது. இந்த நிலையில் அடிக்கும் ஃபார்மட் வீண் செலவு. டிஸ்க்கை மாற்ற வேண்டும்.

மூடியைத் திறப்பது

நம் ஊர்க் கம்ப்யூட்டருக்குப் பெரிய எதிரி வைரஸ் இல்லை. கத்திரி வெயிலில் வெளியே நாற்பது டிகிரியைத் தாண்டும். மாடி அறையில் மின்விசிறி அனல் காற்றைத்தான் சுற்றிவிடும். இதற்கு நடுவே பெட்டியைக் கம்ப்யூட்டர் டேபிளின் மூடிய அறைக்குள் திணித்து, பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டி வைத்திருப்போம். தூசி படக்கூடாதென்று அம்மா தைத்த உறை வேறு மேலே கிடக்கும். செல்லூரில் ஒரு வீட்டில் திறந்த பெட்டி கண்ணில் நிற்கிறது: பிராசசரின் மேலுள்ள அலுமினியத் தகடுகளுக்கு நடுவே தூசியும் நூல் பிசிறும் சேர்ந்து சாம்பல் நிறக் கம்பளமாக நெய்திருந்தன. விரலால் உரித்தால் ஒரே துண்டாக வந்தது. மின்விசிறி சுழன்றுகொண்டுதான் இருந்தது. காற்று போக வழிதான் இல்லை. அடியில், ஹார்டு டிஸ்க் கூண்டில், பல்லி முட்டை ஓடுகள் இரண்டு.

சுத்தம் செய்யும் முறை இது. பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிறகு பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். பெட்டியின் வெற்று உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு உள்ளே கை வையுங்கள். உடலில் தங்கிய நிலைமின்சாரம் அதில் இறங்கிவிடும். பெட்டியை மாடிக்கோ வாசலுக்கோ கொண்டுபோய், மெல்லிய வண்ணத் தூரிகையாலும் ப்ளோயராலும் ஊதுங்கள். ஊதும்போது மின்விசிறியின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றின் வேகத்தில் கட்டுக்கடங்காமல் சுழன்றால் அதன் அச்சு தேய்ந்துவிடும். ஈரத்துணி வேண்டாம், வீட்டு வேக்குவம் கிளீனரும் வேண்டாம்.

எஸ்எம்பிஎஸ் பெட்டியை, அதாவது கம்ப்யூட்டருக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டியை, வெளியிலிருந்து ஊதலாம், திறக்கக் கூடாது. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயிரை எடுக்கும் அளவு மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கக் கூடும்.

கையோடு மூன்று வேலைகளை முடித்துவிடுங்கள். ராமின் இரு முனைக் கொக்கிகளையும் விலக்கி வெளியே எடுத்து, தங்க நிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டுத் திரும்பச் செருகுங்கள். போட்டதும் திரை வராமல் பீப், பீப் என்று கத்தும் கம்ப்யூட்டர்களில் பல இதிலேயே எழுந்துவிடும். பிராசசரின் மின்விசிறியைக் கழற்றினால் அடியில் காய்ந்த பசை சுண்ணாம்புபோல் உதிரும். பழையதைத் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புதுத் தெர்மல் பேஸ்ட் வைத்துத் திருகுங்கள். இதைக் கழற்றத் தெம்பில்லாதவர்கள் தூசியை மட்டும் எடுத்தாலே பாதிச் சூடு குறையும்.

மூன்றாவது, மதர்போர்டில் (பாகங்களெல்லாம் செருகப்பட்டிருக்கும் பெரிய பலகை) இருக்கும் நாணயம் போன்ற பேட்டரி. ஆரப்பாளையத்தில் பக்கத்து வீட்டு அத்தை ஒரு நாள் பதறிக் கூப்பிட்டார்: "தம்பி, பேங்க் பக்கம் ஒன்றுமே திறக்கவில்லை. பாதுகாப்பு இல்லை என்று சிவப்பாக எழுதுகிறது. எவனும் உள்ளே புகுந்துவிட்டானா?" திரையின் வலது கீழ் மூலையில் தேதி 2009 ஜனவரி 1 என்று இருந்தது. இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கம்ப்யூட்டரின் தேதி தவறினால் எந்தச் சான்றிதழும் அதன் கண்ணுக்குச் செல்லாது. கரன்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அந்தச் சிறு பேட்டரிதான்: பெயர் சிஆர்2032, 3 வோல்ட். கைக்கடிகாரக் கடையில்கூடக் கிடைக்கும், விலை சில பத்து ரூபாய். கொக்கியை விலக்கினால் துள்ளி வரும். எழுத்துள்ள பக்கம் மேலே இருக்குமாறு புதியதை வையுங்கள். பிறகு பயாஸுக்குள் (விண்டோஸ் எழும்முன் வரும் அமைப்புத் திரை) போய்த் தேதியையும் நேரத்தையும் திருத்துங்கள். இந்தக் குறைக்காக ஃபார்மட் அடிக்கப்பட்ட கம்ப்யூட்டர்களை நினைத்தால் கோபம்தான் வருகிறது.

பெட்டியைத் தொட்டால் சுர்ரென்று ஷாக் அடிக்கிறதா? கம்ப்யூட்டரில் கோளாறு என்று சொல்ல முடியாது. எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டி சிறிதளவு மின்சாரத்தை உலோகப் பெட்டி வழியாக எர்த்துக்கு அனுப்பும்படி அமைக்கப்பட்டது. மாசி வீதிகளைச் சுற்றியுள்ள பழைய வீடுகள் பலவற்றில் மூன்று ஓட்டை பிளக் இருக்கும். மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. போக வழியில்லாத மின்சாரம் பெட்டியிலேயே நிற்கிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் போடச் சொல்லுங்கள். மரப்பலகை மேல் கால் வைப்பது தீர்வாகாது. அதேபோல் யுபிஎஸ் கரன்ட் போன நொடியே அணைந்தால் யுபிஎஸ்ஸைத் தூக்கி எறிய வேண்டாம். உள்ளே 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்று இருக்கும், நம் வெயிலில் இரண்டு மூன்று ஆண்டுதான் தாங்கும். அதை மட்டும் மாற்றலாம்.

பணம் செலவழிப்பதானால் எதில்

ஒரே ஒரு பொருள் வாங்கப் பணம் இருந்தால் எஸ்எஸ்டி வாங்குங்கள்; ஹார்டு டிஸ்க்கின் இடத்தில் சில்லுகளில் சேமிக்கும் டிரைவ் அது. டாஸ்க் மேனேஜரில் மெமரி நிறைந்திருந்தால் மட்டும் ராம் முந்தும்.

காரணம் எளிது. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டில், படிக்கும் முனை ஓர் இடத்தைப் பிடிக்க ஏறக்குறைய 10 மில்லிவிநாடி ஆகிறது. அதாவது விநாடிக்குச் சுமார் நூறு துண்டுகள். விண்டோஸ் எழும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை அங்கும் இங்குமாகத் தேடுகிறது. எஸ்எஸ்டியில் சுழலும் பாகம் இல்லை. விநாடிக்குப் பல்லாயிரம் துண்டுகளை எடுத்துவிடும். மதர்போர்டு பழையதாக, டிஸ்க்கை இணைக்கும் சாட்டா முறையின் இரண்டாம் தலைமுறையாக இருந்தாலும் பலன் கண்கூடாகத் தெரியும்.

240 அல்லது 256 ஜிபி, 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி போதும். டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் கேட்கும்போது பில்லும் உத்தரவாதமும் சேர்த்துக் கேளுங்கள். விலை நம்ப முடியாத அளவு குறைந்தால் வாங்காதீர்கள்.

புதிதாக விண்டோஸ் நிறுவுவது இங்கேதான் நியாயம்; பழைய டிஸ்க்கைத் தொடாமலே நிறுவ முடியும். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, 8 ஜிபி பென்டிரைவில் விண்டோஸ் 10-ஐ ஏற்றிக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரை அணைத்து, பழைய டிஸ்க்கின் டேட்டா கேபிளைக் கழற்றி, எஸ்எஸ்டியை மட்டும் இணையுங்கள். இதைச் செய்யாவிட்டால் விண்டோஸ் தன் தொடக்கக் கோப்புகளைப் பழைய டிஸ்க்கில் எழுதிவிடும். நாளை அந்த டிஸ்க் செத்தால் புதியதும் எழாது. பென்டிரைவிலிருந்து தொடங்கி நிறுவுங்கள். ப்ராடக்ட் கீ கேட்கும் இடத்தில் 'என்னிடம் இல்லை' என்பதைத் தேர்ந்தெடுத்து, முன்பிருந்த அதே பதிப்பைப் போடுங்கள். அதே மதர்போர்டில் விண்டோஸ் 10 முறையாக இயங்கியிருந்தால், இணையத்தில் இணைந்ததும் தானாக உரிமம் பெற்றுவிடும். எல்லாம் ஓடுகிறது என்று தெரிந்தபின் அணைத்து, பழைய டிஸ்க்கை மீண்டும் இணைத்து, பயாஸில் எஸ்எஸ்டியை முதலாவதாக வையுங்கள். படங்களும் கணக்குகளும் பழைய டிஸ்க்கில் அப்படியே இருக்கும்.

ராம் வாங்கும்முன் சிபியு-இசட் என்ற இலவச நிரலில் வகையைப் பாருங்கள். டிடிஆர்3, டிடிஆர்4 இரண்டுக்கும் நடுவெட்டு இருக்கும் இடம் வேறு. நுழையாததை அழுத்தக் கூடாது. மடிக்கணினி ராம் நீளத்தில் குட்டை. விண்டோஸ் 32 பிட் என்றால் 4 ஜிபிக்கு மேல் போட்டுப் பயனில்லை, அதற்கு மேல் அது பார்க்காது.

தினசரித் தொல்லைகள்

"உங்கள் கணினியில் ஐந்து வைரஸ்" என்று மூலையில் எட்டிப் பார்க்கும் பெட்டிகள் பெரும்பாலும் வைரஸ் இல்லை. தேர்வு முடிவு பார்க்கப் போன ஏதோ ஒரு தளத்தில் வீட்டில் யாரோ 'அலவ்' என்று தட்டியிருப்பார்கள். குரோமில் செட்டிங்ஸ், 'பிரைவசி அண்டு செக்யூரிட்டி', 'சைட் செட்டிங்ஸ்', 'நோட்டிஃபிகேஷன்ஸ்' என்று போங்கள். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். தெரியாத பெயர்களையெல்லாம் நீக்குங்கள். அதே பக்கத்தில் எந்தத் தளமும் இனிக் கேட்கக் கூடாது என்றும் சொல்லிவிடலாம்.

ஜெராக்ஸ் கடைக்குப் போய் வந்த பென்டிரைவில் கோப்புறைகளெல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருந்தால் எதையும் இரட்டைச் சொடுக்கு செய்யாதீர்கள். தொற்றே அப்படித்தான் பரவுகிறது. கோப்புகள் அழியவில்லை, மறைக்கப்பட்டிருக்கின்றன. முதலில் டிஃபெண்டரால் ஸ்கேன் செய்யுங்கள். பிறகு ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லி, 'புரொடெக்டட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்பதற்கு முன்னுள்ள குறியையும் எடுங்கள். மங்கலாக உண்மையான கோப்புறைகள் தெரியும். சில சமயம் பெயரே இல்லாத ஒரு கோப்புறைக்குள் எல்லாம் கிடக்கும். உங்கள் படங்களையும் ஆவணங்களையும் மட்டும் நகலெடுத்துவிட்டு பென்டிரைவை ஃபார்மட் செய்யுங்கள். ஆம், பென்டிரைவுக்கு ஃபார்மட் நல்ல மருந்துதான்.

பிரின்டர் வரிசையில் ஒரு பக்கம் சிக்கிக்கொண்டு நகரவும் மாட்டேன் என்கிறது, அழியவும் மாட்டேன் என்கிறது என்றால் 'சர்வீசஸ்' என்று தேடித் திறந்து, 'பிரின்ட் ஸ்பூலர்' என்பதை நிறுத்துங்கள். சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரின்டர்ஸ் என்று உள்ளே போய், அங்கே கிடக்கும் கோப்புகளை மட்டும் அழித்துவிட்டு ஸ்பூலரை மறுபடி தொடங்குங்கள்.

சி டிரைவ் சிவப்பாக நிறைந்திருந்தால் 'டிஸ்க் கிளீன்அப்' நிரலைத் திறந்து 'கிளீன் அப் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்பதைத் தட்டுங்கள். முந்தைய விண்டோஸின் மிச்சம் மட்டுமே பல ஜிபியை விடுவிக்கும். ஆனால் டவுன்லோட்ஸ் கோப்புறையும் அந்தப் பட்டியலில் வரக்கூடும், பார்த்துக் குறி போடுங்கள். ரெஜிஸ்ட்ரி கிளீனர், ராம் பூஸ்டர், பிசி ஆப்டிமைசர் வகையறாக்கள் எதுவும் வேண்டாம்.

பழைய தமிழ்க் கோப்புகள் தனிக் கதை. சங்கத்து நோட்டீஸ், காதுகுத்து அழைப்பிதழ், கோயில் வரவுசெலவு எல்லாம் பாமினி போன்ற எழுத்துருவில் அடித்தவை. புது விண்டோஸில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்துவிடுவோம். கோப்புக்குள் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகளின் எண்கள்தான். எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியிருந்தது. அந்த எழுத்துருவை நிறுவினால் உடனே படிக்கலாம். தேடவும் பிறருக்கு அனுப்பவும் வேண்டுமானால் எழுத்துரு மாற்றி ஒன்றால் யூனிகோடுக்கு (எல்லாக் கருவிகளும் படிக்கும் பொது எழுத்து முறை) மாற்றி வையுங்கள். எந்த எழுத்துரு என்று முதலில் வேர்டில் பெயரைப் பார்த்துக்கொள்ளுங்கள். பாமினிக்கு உரிய மாற்றி வானவில் கோப்பைக் குதறிவிடும். புதிதாகத் தட்டச்சு செய்ய, பிந்தைய விண்டோஸ் 10 பதிப்புகளில் மொழி அமைப்புகளுக்குள் தமிழ் 99 விசைப்பலகை இருக்கிறது.

எந்த விண்டோஸ், அல்லது விண்டோஸே வேண்டாமா

விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரி 14-உடன் நின்றது. அதில் ஓடும் கடைசி குரோம் பதிப்பு 109. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. நீட்டிப்புத் திட்டத்தில் பதிவுசெய்த வீட்டுப் பயனர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே பதிவுசெய்யலாம். விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது; இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசசராவது வேண்டும். தடையைச் சுற்றிக்கொண்டு ஏற்ற வழிகள் இருக்கின்றன. வங்கி வேலை நடக்கும் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அவற்றை நான் சொல்ல மாட்டேன்.

பிரவுசர், மின்னஞ்சல், வீடியோ, கடிதம் அடிப்பது, பிள்ளைகளின் படிப்பு: தேவை இவ்வளவுதான் என்றால் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் பாருங்கள். 2 ஜிபி ராமில் ஓடும், 4 ஜிபி இருந்தால் நன்றாக ஓடும், பணம் கிடையாது. பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமலே அதிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, ஒலி, பிரின்டர் மூன்றும் வேலை செய்கின்றனவா என்று ஒரு மாலை முழுக்கச் சோதித்துவிட்டுப் பிறகு நிறுவுங்கள். ஜிஎஸ்டிக்காக டேலி வைத்திருப்பவர்களும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் பயன்படுத்துபவர்களும் விண்டோஸை விடாதீர்கள். லினக்ஸில் அவற்றோடு மல்லுக்கட்டி மாளாது.

மதர்போர்டில் கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தாலோ, ராம் மாற்றியும் எஸ்எம்பிஎஸ் மாற்றியும் திரை வராவிட்டாலோ அதற்கு மேல் பணம் போடாதீர்கள். எஸ்எஸ்டியையும் ஹார்டு டிஸ்க்கையும் கழற்றிக்கொண்டு மற்றதைக் கொடுத்துவிடுங்கள். 2.5 அங்குல டிஸ்க்கை யுஎஸ்பி கேசில் போட்டால் வெளி டிரைவ் ஆகிவிடும். மேசைக் கம்ப்யூட்டரின் பெரிய டிஸ்க்குக்கு மட்டும் தனி அடாப்டருடன் வரும் கேஸ் கேட்டு வாங்க வேண்டும்.